புதுப்பிப்பு: அம்மாவோடு புளூஸ் கச்சேரிக்குப் போய் வந்தேன்

நாட்டுப்புற மெட்டையும் புளூஸையும் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) கலந்து தானே எழுதிப் பாடுகிறவரின் ஆல்பம் வெளியீடு, சிங்கப்பூர் எஸ்பிளனேடு கலை மையத்தின் சிறிய அரங்கான ரெசிட்டல் ஸ்டூடியோவில். புளூஸ் கேட்டுப் பழகாத அம்மாவை அழைத்துப் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். தாராளமாக என்றீர்கள். போனோம்.

245 இருக்கைதான், கடைசி வரிசைக்கும் விரல் தெரிகிறது. சுண்டுவிரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கினார். கிடார் ஓப்பன் ஜி சுருதியில் இருந்தது. இடது கையால் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே முழுக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரும். "வீணையில இழுக்கிற மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. அப்புறம் 12 பார் புளூஸ், அதாவது 12 தாளச் சுற்றில் அமைந்த பாட்டு. முதல் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வது அதன் வழக்கம். அம்மாவுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. திரும்ப வரும் அடியைக் கூடவே முணுமுணுத்தார், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு!

டிரம்ஸ் சேர்ந்த பாட்டுகள் எனக்கு ஒட்டவில்லை. வார்த்தை அமுங்கிப்போனது.

அங்கே சிடி கிடைக்குமா என்று இங்கே கேட்ட அண்ணனுக்கு: வினைல் இசைத்தட்டு மட்டும்தான் விற்றார்கள். கையெழுத்து வரிசை நீளம், அம்மாவுக்குக் கால் வலி, வாங்காமல் வந்துவிட்டோம். பெரியவர்களோடு போகிறவர்கள் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சிட்டிலிங்க் மால் என்ற நிலத்தடிக் கடைத்தொகுதி வழியாகப் போங்கள், மழையில் நனைய வேண்டாம்.