சூடு விழுந்த இரவில் என்ன செய்வீர்கள்? நகர வன்முறைத் தடுப்பு வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் அனுபவங்கள்

ஸ்காபரோக்காரி:

ஒரு நகரசபையின் வன்முறைத் தடுப்புப் பிரிவுக்கு ஆறு வருடம் பொறுப்பாக இருந்தேன். ரொறன்ரோவை ஒட்டிய நகரங்களில் ஒன்று. எது என்று எழுதவில்லை, கீழே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். போன மாதம் ஒரு கலியாணவீட்டில் தெரிந்த மாமா ஒருவர், "பிள்ளை, நீர் பொலிசிலையோ வேலை?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்படித் தடுக்கிறது?" என்றார். சோற்றுத் தட்டோடு நின்றபடி அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் உயர்பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. இரண்டு குழுக்கள். ஒன்றின் பெயர் ஊரிலிருந்து வந்தது, மற்றதின் பெயர் ஓர் ஆளிடமிருந்து. எந்த பஸ் தரிப்பில் இறங்கலாம், எந்த டோனட் கடைக்குள் போகக் கூடாது என்பதெல்லாம் பத்தாம் வகுப்புப் பெடியனுக்குப் பாடத்தைவிட வடிவாகத் தெரியும். அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை. 2001 அக்டோபரில் பொலிஸ் ஒரே வீச்சில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தபோது, பிள்ளையின் முகத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் சில வீடுகளுக்கு விஷயமே தெரிந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே எங்கள் வயதுக்காரர் சிலர் சேர்ந்து கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். சாகிற வயதில் இருந்தவர்களே சாவை நிறுத்தப் புறப்பட்டார்கள் என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

சரி, அந்த இரவு.

ஜூலை, வெள்ளிக்கிழமை, பதினொன்றே முக்கால். மாடிக் கட்டடம் ஒன்றின் பின்னால் பந்தடிக்கிற இடத்தில் பத்தொன்பது வயதுப் பெடியனுக்குத் தொடையில் துப்பாக்கி வெடி. உயிருக்கு ஆபத்தில்லை என்று உடனேயே தெரிந்துவிட்டது. இந்த வேலையில் இல்லாதவர்கள் அதோடு பெருமூச்சு விடுவார்கள். எங்களுக்கு வேலை தொடங்குவதே அங்கேதான். அடுத்த மூன்று நாளுக்குள் பதிலடி வரும், அல்லது வராது. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்கள் களப்பணியாளர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார். ஐம்பது வயது. பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அதே கட்டடங்களில் வளர்ந்து, ஒன்பது வருடம் சிறைக்குள்ளே இருந்து வந்த மனிதர். பார்க்கிங்கில் ஏழு பெடியள். யாரும் உரத்துக் கதைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிற பெடியனைவிட ஃபோனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கிற பெடியனைத்தான் கவனிக்க வேண்டும்.

அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. போன உடனே "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான், ஆனால் எங்கள் பெரியம்மா கேட்கிற அதே தொனி. பிறகு வேலை பிரிக்கத் தொடங்கினார். ஒருவன் அடிபட்டவனின் தங்கச்சியை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இன்னொருவன் அவனுடைய ஃபோன் சார்ஜரை எடுத்து வர வேண்டும். இரண்டு பேர் இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கிற கடைக்குப் போய் எல்லோருக்கும் ஜமேக்கன் பற்றிஸ் வாங்கி வர வேண்டும். அதற்கான காசு என்னுடையது. கால் மணி நேரத்தில் பார்க்கிங்கில் மூன்று பேர்தான் மிச்சம்.

அந்த மூன்றில் ஒருவன் நடைபாதை ஓரத்தில் இருந்து, ஈரத் துணியால் தன் வெள்ளைச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரே இடத்தை. கறை போய்விட்டது, அவன் நிறுத்தவில்லை. மற்றக் கையில் ஃபோன், திரையில் மேப் திறந்திருந்தது.

அப்போது அடிபட்டவனின் அம்மா வந்தார். முதியோர் பராமரிப்பு வேலையிலிருந்து யூனிஃபோமோடு நேரே வந்திருந்தார், தோளில் பெரிய பழுப்பு நிறக் கைப்பை. எங்கள் ஆள் அதை மெதுவாக வாங்கி, கொண்டுபோய் அந்தச் சப்பாத்துப் பெடியனின் மடியில் வைத்தார். "அம்மா உள்ளே போகிறா. இதுக்குள்ளே அவவின் சம்பளக் காசும் மருந்தும் இருக்கு. நீதான் பொறுப்பு."

அவ்வளவுதான். கைப்பையோடு எங்கே போவான்? விடிய நாலரை மணிக்கு அம்மா வெளியே வரும் வரை அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான். திங்கட்கிழமை வரை வேறொன்றும் நடக்கவில்லை.

இனி குறை. இந்த மனிதரை வேலைக்கு எடுக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பொலிஸ் சான்றிதழில் பழைய குற்றம் இருக்கிறதாம். இருக்கத்தானே செய்யும்! அது இல்லாத ஆளாக இருந்தால் அந்தப் பார்க்கிங்கில் அவரை யார் மதிப்பது? கடைசியில் ஒரு சமூக அமைப்பின் கணக்கு வழியாகச் சம்பளம் கொடுத்தோம். மானியம் மார்ச் 31 வரைதான். ஒவ்வொரு பெப்ரவரியும் அவர் வேறு வேலை தேடுவார், நான் கெஞ்சி மறிப்பேன்.

அறிக்கைக்கு இங்கே பஞ்சமில்லை. 2005இல் ரொறன்ரோவில் மட்டும் 52 பேர் துப்பாக்கியால் செத்தார்கள். அந்தக் கோடைக்குப் பெயரே 'துப்பாக்கிக் கோடை'. 2007இல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு பிள்ளை சுடப்பட்ட பிறகு மாகாண அரசு முன்னாள் தலைமை நீதிபதி ரோய் மக்மர்ட்ரியையும் முன்னாள் சபாநாயகர் ஆல்வின் கர்லிங்கையும் கொண்டு ஆராய்ந்தது. அடுத்த வருடம் அறிக்கை வந்தது, ஐந்து தொகுதி. நான் முழுக்க வாசித்திருக்கிறேன். வறுமை, இனவெறி, வீடு, பள்ளியிலிருந்து விலக்குவது, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 2012இல் ஸ்காபரோ டான்சிக் வீதி பார்பெக்யூவில் இரண்டு இளையவர்கள் செத்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டபோது, அதே பக்கங்களைத் திரும்பப் புரட்டினோம். 2021இல் ரொறன்ரோ நகரசபை சேஃப்டிஓ என்று சமூகப் பாதுகாப்புக்கான பத்து வருடத் திட்டம் நிறைவேற்றியது. அதுவும் நல்ல திட்டம்தான். ஆனால் வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்கு யார் கார் எடுக்கிறார்கள் என்பதுதான் எப்போதும் என் கேள்வி.

கிளாஸ்கோ டாக்டர்:

அக்கா, கைப்பை விஷயத்தைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருநெல்வேலிக்காரன். 2003லிருந்து இங்கே அவசரப் பிரிவில் இருக்கிறேன். அந்த வருஷங்களில் சனிக்கிழமை ராத்திரி டியூட்டி என்றால் முகம் தைப்பதுதான் வேலை. காதிலிருந்து உதடு வரை ஒரே கோடு. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் "விழுந்துட்டேன்" என்பான். "எது மேல?" "தெரியல டாக்டர், கூர்மையா இருந்துச்சு." நர்ஸ்கூட சிரித்துவிடுவார். தைத்து அனுப்புவோம். மூன்று வாரம் கழித்து அதே பையன், இந்தத் தடவை மறு கன்னம். நான் ஒருநாளும் அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்பது என் வேலை என்று நினைத்ததும் இல்லை.

2005 ஜனவரியில் எங்கள் வட்டாரத்து ஸ்ட்ராத்கிளைட் போலீசுக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஆரம்பித்தார்கள். ஜான் கார்னகன் என்ற துப்பறியும் அதிகாரி, கரின் மெக்ளஸ்கி என்ற குற்றத் தகவல் பகுப்பாய்வாளர். கரின் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர், அது பேச்சிலேயே தெரியும். வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி பார்க்க வேண்டும் என்றார்கள். போலீஸ்காரர் வந்து எங்களிடம் தொற்றுநோய் பற்றிப் பேசுகிறாரே என்று நான் உள்ளுக்குள் நக்கலடித்தேன். 2008இல் கேங் பையன்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். விசாரணைக்கு இல்லை, கேட்பதற்கு. வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய் பேசினார், காயம் தைக்கும் சர்ஜன் பேசினார், கடைசியில் ஒரு ஃபோன் நம்பர்: விட்டுவிட நினைத்தால் இதில் கூப்பிடு. கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அதே வருஷம் மூன்று சர்ஜன்கள் வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள் என்று ஓர் அமைப்பு தொடங்கி, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள்.

2015 கடைசியில் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில் 'நேவிகேட்டர்' ஆட்கள் வந்தார்கள், அடிபட்டு வருபவர்களோடு பேசி வன்முறையிலிருந்து விலக உதவுபவர்கள். இளஞ்சிவப்புச் சட்டை, அவர்களில் சிலர் அந்த வாழ்க்கையிலிருந்தே வந்தவர்கள். பின்னாளில் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வெட்டுப்பட்டு வந்தவனின் உடுப்பை போலீஸ் சாட்சியத்துக்கு எடுத்துப் போய்விடும். விடிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி கவுனோடு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அவமானத்திலேயே பாதிப் பேர் கோபமாக வெளியேறுவார்கள். எங்கள் நேவிகேட்டர் ஒரு பையில் டிராக் பேண்ட், டி-ஷர்ட் வைத்திருந்தார். "உன் சைஸ் மீடியமா?" அதுதான் முதல் கேள்வி. பேண்டைப் போட்டுக்கொண்டதும் பையன் தானாகவே பேச ஆரம்பித்தான். பன்னிரண்டு வருஷம் தைத்தவன் நான், எனக்கு அந்த பேண்ட் தோன்றவே இல்லை.

ஸ்காட்லாந்தில் பத்து வருஷத்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. எல்லாம் இவர்களால்தான் என்று சொல்ல மாட்டேன். கத்தி வைத்திருப்பதற்கான தண்டனையும் கூடியது.

கார்டிஃப் கவுன்ட்டர்:

டாக்டர் சொன்னதோடு ஒட்டி ஒன்று. கார்டிஃபில் அவசரப் பிரிவு ரிசப்ஷனில் இருந்தேன். அடிபட்டு வருபவரிடம் பெயர், பிறந்த தேதியோடு இன்னும் சில கேள்விகள் கேட்போம்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடித்தார்கள். பெயரை நீக்கிவிட்டு மற்றது நகரசபைக்கும் போலீசுக்கும் போகும். ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிய முறை. தன்னிடம் வந்த காயங்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று அவர்தான் முதலில் கவனித்தார். ஒருமுறை நெற்றியில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் "பாட்டிலா, கிளாஸா?" என்று கேட்டேன். "நீங்க என்ன பார் நடத்துறீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். ஆனால் எந்த கிளப், எந்த மூலை என்று துல்லியமாகச் சொன்னாள். இந்த மாதிரித் தகவல் சேரச் சேரத்தான் உடைந்தால் கூராகாத கிளாஸ், இரவில் வண்டி போகாத தெரு என்பதெல்லாம் வந்தன. எங்களுக்கு அதிகபட்சம் இரண்டு நிமிஷ வேலை.

பே ஏரியா:

கலிஃபோர்னியா ரிச்மண்டில் 2007இல் நகராட்சியே ஓர் அலுவலகம் திறந்தது, போலீசோடு சேராத அலுவலகம். டெவோன் போகன் தலைவர். 2010லிருந்து, சுடக்கூடியவர்கள் என்று தெரிந்த இளைஞர்களையே தேடிப் பிடித்து ஆளுக்கொரு வழிகாட்டி கொடுத்தார்கள். சொன்னபடி நடந்தால் சில மாதங்களுக்குப் பிறகு உதவித்தொகையும் உண்டு. 'சுடாமலிருக்கச் சம்பளமா?' என்று பேப்பரெல்லாம் கொதித்தது. எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். அப்புறம் ஒரு சனிக்கிழமை ரெஸ்யூமே எழுத உதவப் போன இடத்தில் இரண்டு பையன்கள் எனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஊரின் ஹோட்டல் காலை உணவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டத்தில் வெளியூர் போக வேண்டுமானால் எதிர்ப் பேட்டைக்காரன் ஒருவனோடுதான் போக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த இருவரும் முன்பு ஒருவரையொருவர் எங்கே பார்த்திருக்கக்கூடும் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. 2007இல் அந்தச் சின்ன ஊரில் 47 கொலை, 2014இல் 11.

வியாசர்பாடி:

எங்க வடசென்னைப் பக்கம் இதுக்கு ஆபீசும் கிடையாது, டைரக்டரும் கிடையாது. ஃபுட்பால் கோச்தான். பழிக்குப் பழி நடக்கிறது பெரும்பாலும் செத்தவனோட நினைவு நாள்லதான். எங்க கோச் அந்தத் தேதிகளை எல்லாம் காலண்டரில் சுழித்து வைத்திருப்பார். அந்த வாரம் பார்த்து வெளியூர் மேட்ச் போட்டுவிடுவார். வர மாட்டேன் என்பவன் வீட்டு வாசலில் காலை ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோவோடு நிற்பார். "சும்மா பிராக்டிஸ் மேட்ச் தானே சார்" என்பான். "உனக்குத்தான்டா கேப்டன்" என்பார். ஒரே வருஷத்தில் நான் நாலு கேப்டன் பார்த்திருக்கிறேன்.

ஸ்காபரோக்காரி:

தம்பி, அந்தக் கோச்சுக்கு என் வணக்கம் சொல்லுங்கோ. எங்களிடம் அப்படி ஒரு காலண்டர் இல்லை. இறந்தவரின் பிறந்தநாளைக் கவனிப்போம், நினைவு நாள் எனக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டர், அந்த பேண்ட் கதையை எங்கள் ஆளுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "மீடியம் போதாது, இங்கே பெடியள் எல்லாம் லார்ஜ்" என்றார். இந்த வருடமும் மார்ச் 31 தாண்டி நிற்பாரா என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தச் சப்பாத்துப் பெடியனைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: கடைசியாகப் பார்த்தபோது டயர் கடையில் வேலை. என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் டயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று. அன்றிரவு பற்றிஸ் வாங்கிய ரிசீட்டை அலுவலகத்தில் கொடுத்தேன். முன் அனுமதி பெறாத உணவுச் செலவு, எந்தக் கணக்கு இலக்கத்திலும் சேராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு தரம் விளக்கம் எழுதினேன், இரண்டு தரமும் திரும்பி வந்தது. ரிசீட் இன்னும் என் பர்சுக்குள் கிடக்கிறது. மை மங்கிப்போய், பன்னிரண்டு என்ற எண்ணும் இரவு 1:52 என்ற நேரமும் மட்டும் தெரிகிறது.