தக்காளி முன்னாடி மானம் போன கதை: கத்தி தீட்டுற ராடு அனுபவம் உங்களுக்கும் உண்டா?

பாலக்கோட்டு மருமகன்:
கறிக்கடையில தொங்குமே, அந்த ஸ்டீல் ராடுதான். ஒரு வருசமா வெச்சிருக்கேன். போன ஞாயிறு அத்தை வீட்ல விருந்து. "கத்தி மொன்னையா இருக்கு, குடுங்க அத்தை"ன்னு வாங்கி சரக் சரக்னு இருபது இழுப்பு. மச்சான் வீடியோ வேற எடுத்தான். தக்காளியில வெச்சேன், தோல்ல இறங்கல. அழுத்தினேன். பொளக்குனு பிதுங்கி விதையெல்லாம் அத்தை புடவையில. தக்காளி மண்டி இருக்கிற ஊர்ல இந்த கதி! அத்தை ஒண்ணும் பேசல. கைப்பிடி உடைஞ்ச பீங்கான் கப்பைக் கவுத்தாங்க. அடியில சொரசொரன்னு வளையம் இருக்கும்ல, அதுல நாலு இழுப்பு. தக்காளி சத்தமில்லாம ரெண்டாச்சு. அந்தக் கப்பு செஞ்சதை என் ராடு ஏன் செய்யல? அதே நினைப்பா இருக்கு.

டேம் பக்கத்து ஆள்:
கிருஷ்ணகிரி டேம்ல மீன் அறுக்கிற அக்கா. ஒவ்வொரு மீனுக்கும் நடுவுல ராடுல ரெண்டே இழுப்பு, சத்தமே வராது. "இவ்ளோதானா?"ன்னு கேட்டேன். "மழுங்க விட்டாத்தானே தம்பி நெறய இழுக்கணும்"னாங்க. கண்ணு மீன்லயே இருக்கு, கை தானா ராடுக்குப் போகுது. இப்பவும் அந்தக் கைதான் ஞாபகம் வருது.

ஓசூர் சமையக்கட்டு:
மருமகன் தம்பி, என் கதை சின்னது. ராடைக் கையில தூக்கிப் பிடிச்சு, கத்தியை என் பக்கமா இழுத்துப் படம் காட்டினேன். கட்டை விரல்ல மூணு தையல்.

விஷயத்துக்கு வரேன். ஸ்டீல் ராடு புதுசா கூர் போடாது. நறுக்க நறுக்க கத்தியோட வாய் ஒரு பக்கமா மடியும், கண்ணுக்குத் தெரியாது. அதை நிமித்தறதுதான் ராடு வேலை. வாயே தேஞ்சு உருண்டு போச்சுன்னா நிமித்த என்ன இருக்கு? இரும்பை அரைச்சு எடுக்கணும். கப்பு அடியில மெருகு பூசாத பீங்கான், இரும்பை விடக் கெட்டி, அது அரைக்கும். அத்தை பிடிச்சது சாணை தம்பி.

ராடை நட்டமா, முனை கீழ இருக்க, ஈரத்துணி மேல ஊனுங்க. கத்தியைக் குறுக்கே 90 டிகிரியில வைங்க. அந்தக் கோணத்துல பாதியாக்குங்க, அதுலயும் பாதி, அதுக்கும் ஒரு பொட்டு கம்மி, சுமாரா 20 டிகிரி. கத்தியோட கைப்பிடிப் பக்கத்திலேர்ந்து கத்தி முனை வரைக்கும் ராடுல படற மாதிரி லேசா இழுத்து இறக்குங்க. மாத்தி மாத்தி பக்கத்துக்கு 4, 5 போதும், இருபதெல்லாம் வீண் சத்தம். கோணம் சரியான்னு பார்க்க வாய்ல மார்க்கர் பேனாவால கோடு போட்டு ரெண்டு இழுப்பு இழுங்க. மை எங்க அழியுதோ அங்கதான் ராடு படுது. அப்பவும் தக்காளி அறுக்கலன்னா 1000 நம்பர் தண்ணிக் கல்லுல, அதான் தண்ணி தொட்டுத் தீட்டுற சாணைக் கல்லுல, தீட்டுங்க. ஜப்பான் கத்தியைக் கோடு போட்ட ஸ்டீல் ராடுல தேய்க்காதீங்க, அந்தக் கெட்டி இரும்பு மடியறதுக்குப் பதிலா பொடிப்பொடியா உதிரும். பிரெட் அறுக்கிற பல்லுக் கத்தியையும் விட்டுடுங்க.

சந்தூர் மாங்கா:
டிகிரி, மார்க்கர், நம்பர் போட்ட கல்லு... யப்பா! கத்திக்குப் பரீட்சையா வெக்கறீங்க? எங்க ஊர்ல சைக்கிள்ல சாணைக்காரர் வருவார். ஆயா கத்தியை வாங்கி கட்டை விரல் நகத்து மேல சும்மா வெப்பாங்க. கடிச்சு நின்னா காசு. வழுக்கினா "இன்னொரு தடவ சுத்துப்பா." அவர் முகத்தைப் பார்க்கணுமே!

தர்மபுரிக்காரி:
சாணைன்னாலே எனக்கு வயிறு எரியுது. மிஷின் சக்கரத்துல தண்ணி தொடாம அழுத்தினார் ஒருத்தர். பொறி பறந்துச்சு. முனை அப்படியே நீலமாச்சு. சூட்டுல நீலம் ஏறினா பதம் போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியல. அன்னிக்கு நல்லா அறுத்துச்சு. மூணாம் நாளே வெங்காயத்துக்குத் திணறுது. அம்மாவோட கத்திங்க அது.

சந்தூர் மாங்கா:
அவரைத் திட்டுங்க அக்கா, தொழிலைத் திட்டாதீங்க.

பாலக்கோட்டு மருமகன்:
மார்க்கர் போட்டுப் பார்த்துட்டேன். வாய்ல மை அப்படியே இருக்கு, அதுக்கு மேல தட்டைப் பக்கம்தான் அழிஞ்சிருக்கு. ஒரு வருசமா கத்திக்குக் கன்னத்துல தடவிக் குடுத்திருக்கேன். வர்ற ஞாயிறு மறுபடி அத்தை வீடு. அந்தக் கப்பு எந்த அலமாரியில இருக்குன்னு மச்சானைக் கேட்டு வெச்சிருக்கேன்.