போத்தலில் சிறகில்லாத பழ ஈக்கள்: இது விங்லெஸ் விகாரமா?

உவர்மலை ஆசிரியை:
உயர்தர மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கதலிப்பழம் போட்ட போத்தலில் பழ ஈ வளர்க்கிறேன். இன்று காலை மூன்று ஈக்களுக்குச் சிறகே தெரியவில்லை, உடம்பும் வெளிறியிருக்கிறது. போன கிழமைதான் வின்ட் புரதங்களைப் பற்றி, அதாவது கலங்கள் என்னவாக வளர வேண்டும் என்று சமிக்ஞை கொடுக்கும் புரதங்களைப் பற்றி, பேசினோம். பிள்ளைகள் "விங்லெஸ் கிடைத்துவிட்டது" என்று, சிறகை வளரவிடாத அந்தப் பரம்பரையலகு விகாரத்தின் பெயரைச் சொல்லித் துள்ளுகிறார்கள். பிழையாகச் சொல்லிக்கொடுக்க மனமில்லை. எப்படி உறுதி செய்வது?

ஆய்வுகூட உதவியாளர்:
டீச்சர், கூட்டுப்புழுவிலிருந்து வந்தவுடன் சிறகு கசங்கிய கடதாசிபோல் முதுகோடு ஒட்டியிருக்கும். உடல் திரவத்தை உள்ளே செலுத்தி ஈயே அதை விரிக்கும். ஒரு மணித்தியாலம் போதும். வயிற்றுத் தோலுக்குள் கரும்பொட்டு தெரிந்தால் அது புதிய ஈதான். மூன்றையும் உலர்ந்த போத்தலுக்கு மாற்றி, மத்தியானம் பாருங்கள்.

உவர்மலை ஆசிரியை:
மூன்றிலும் பொட்டு இருந்தது! இரண்டு விரித்துவிட்டன. மூன்றாவது அப்படியே கிடக்கிறது.

ஆய்வுகூட உதவியாளர்:
அதன் நெஞ்சைக் கைவில்லையால் பாருங்கள். ஆய்வாளர்கள் ஷர்மாவும் சோப்ராவும் 1976இல் விவரித்த விங்லெஸ் ஈயில் சிறகின் இடம் வெறுமையாக இருப்பதில்லை. முதுகின் இன்னொரு பிரதி, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, மயிர்முட்களோடு அங்கே வளர்ந்திருக்கும். குடம்பிப் பருவத்தில் வின்ட் சமிக்ஞை போதாமல் போனதால், சிறகாக வேண்டிய கலங்கள் முதுகாகிவிடுகின்றன. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

நிலாவெளி மாணவன்:
அண்ணா, விங்லெஸ் முளையங்கள் இறந்துவிடும் என்று படித்தேனே. ஷர்மாவும் சோப்ராவும் விவரித்த ஈ எப்படி வளர்ந்தது?

ஆய்வுகூட உதவியாளர்:
நல்ல கேள்வி, தம்பி. அது வலுக்குறைந்த விகாரம். விங்லெஸ் பரம்பரையலகை முற்றாக முடக்குவதில்லை. முற்றாக முடங்கினால், முளையத்தின் வயிற்றுப்புறத்தில் வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் முள்ளாகி அது இறந்துவிடும். பழ ஈ முளையத்தின் வளர்ச்சியைக் குலைக்கும் விகாரங்களைப் பற்றி ஆய்வாளர்கள் நுஸ்லைன் ஃபொல்ஹார்டும் வீஷவுஸும் 1980இல் வெளியிட்ட ஆய்வில் விங்லெஸும் உண்டு. எலியின் இன்ட்1 என்ற பரம்பரையலகு இதற்கு ஒத்தது என்று 1987இல் தெரிந்தது. இரண்டு பெயரையும் இணைத்தே வின்ட் என்றார்கள்.

உவர்மலை ஆசிரியை:
பார்த்துவிட்டேன். சிறகு இரண்டும் இருக்கின்றன, பழக்கூழில் ஒட்டிச் சுருண்டபடி. விகாரமில்லை. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. சிறகு விரிவதையாவது காட்ட வேண்டும்.

ஆய்வுகூட உதவியாளர்:
விடியும் வேளையில்தான் அதிகமாக வெளிவரும், அப்போது பாருங்கள். போத்தலில் ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். 30 பாகை செல்சியஸிலேயே தொடர்ந்து வளர்ந்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், திருகோணமலை வெயில் அதையும் தாண்டும்.