குவாங்சோவில் பழைய தெருக்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கோவை_பம்ப்செட்:
அக்டோபரில் கான்டன் கண்காட்சிக்காக குவாங்சோ போகிறேன். தங்குவது பாசோ பக்கம், வளாகத்துக்குப் பக்கத்திலேயே. வேலை முடிந்ததும் ஒரு நாள் முழுசாகக் கையில் இருக்கும். போன முறை கூட வந்தவர்கள் கான்டன் கோபுரம், மொத்த விலைச் சந்தை, மால் என்று இழுத்துப்போய் நேரத்தைத் தீர்த்துவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்து ஊர் என்கிறார்கள், என் கண்ணில் பட்டதெல்லாம் கண்ணாடிக் கட்டடமும் மேம்பாலமும்தான். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் யோங்சிங்ஃபாங் என்ற ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். அங்கே மட்டும் போனால் போதுமா? சீன மொழி சுத்தமாகத் தெரியாது, சைவம் வேறு.

தெருசுற்றி:
பாசோவில் தங்குகிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. 8ஆம் எண் மெட்ரோவில் ஏறினால் எங்கேயும் மாறாமல் ஹுவாலின் கோயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். அந்தப் பக்கம் முழுக்க சிகுவான், அதாவது பழைய கோட்டையின் மேற்கு வாசலுக்கு வெளியே வளர்ந்த ஊர். 1757க்குப் பிறகு எண்பது வருஷத்துக்கு மேல் கடல் வழியாக வந்த ஐரோப்பிய வணிகர்கள் இந்த ஒரு துறைமுகத்தில்தான் சரக்கு மாற்ற வேண்டியிருந்தது, அந்தப் பணத்தில் கொழித்த சீன வணிகர்கள் பலர் வீடு கட்டியது இங்கேதான். ஐரோப்பியர்களின் கிடங்குகள் 1856இல் எரிந்து சாம்பலாகிவிட்டன, இப்போது அந்த இடத்தில் பூங்கா இருக்கிறது, ஹுவாலினுக்கு முந்தைய மெட்ரோ நிலையம் அதன் பெயரில்தான்.

யோங்சிங்ஃபாங் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது 2016 முதல் பழுதுபார்த்து காபிக் கடையும் பரிசுப்பொருள் கடையுமாக மாற்றிய இடம், 2018இல் ஷி ஜின்பிங் வந்துபோன பிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. புரூஸ் லீயின் பூர்வீக வீடு உள்ளே இருக்கிறது, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அப்புறம் என்னிங் சாலைக்கு வந்து, கூட்டம் போகாத சந்து எதிலாவது நுழையுங்கள். செம்புப் பாத்திரம் தட்டுகிற கடை இருக்கும், வாசலில் பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், மேலே கம்பியில் துணி காயும்.

வீட்டு வாசல்களை நின்று பாருங்கள். பழைய சிகுவான் வீட்டுக்கு மூன்று அடுக்குக் கதவு. முன்னால் இடுப்புக்கு மேலே வருகிற சின்ன மடிப்புக் கதவு, நடுவில் உருண்டை மரக்கட்டைகளைப் படுக்கைவாட்டில் கோத்த அழிக்கதவு, கடைசியில் கனத்த பலகைக் கதவு. நடுக்கதவு பக்கவாட்டில் இழுத்துத் திறப்பது. பகலில் பலகைக் கதவைத் திறந்துவைத்து அழியை மட்டும் சாத்திக்கொள்வார்கள், காற்று வரும், திருடன் வரமாட்டான். கட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்கும், எண்ணிப்பாருங்கள்.

பினாங்கு_பாண்டி:
மேலே சொன்னவர் நன்றாகச் சொல்லியிருக்கிறார், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என்னிங் சாலை, ஷாங்சியாஜியூ எல்லாம் தூண்மேல் மாடி வைத்த கடைத்தெருக்கள், எங்கள் பினாங்கில் அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதைதான், வெயிலும் மழையும் படாமல் கடை கடையாக நடக்கலாம். பார்த்தவுடன் முன்னூறு வருஷம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1910களின் கடைசியில் கோட்டைச் சுவரை இடித்து அகலச் சாலை போட்டார்கள், இந்தத் தெருக்களில் பெரும்பாலானவை அதன் பிறகு 20களிலும் 30களிலும் எழுந்தவை. அந்தக் காலத்து நவீனம் இது.

நிஜமான பழசு வேண்டும் என்றால் பெய்ஜிங் சாலைக்குப் போங்கள். ஆமாம், இரண்டு பக்கமும் துணிக்கடையும் செருப்புக்கடையும் கத்துகிற தெருதான். 2002இல் தளம் மாற்றத் தோண்டியபோது தாங் அரச வம்சக் காலத்திலிருந்து (7-10ஆம் நூற்றாண்டு) மன்னராட்சி போன பிறகு வந்த குடியரசுக் காலம் வரை ஒன்றின்மேல் ஒன்றாக 11 சாலைத் தளங்கள் கிடைத்தன, கண்ணாடி போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஊர் தன் கடைத்தெருவை இடம் மாற்றவே இல்லை. நீங்கள் கேட்ட இரண்டாயிரம் வருஷ ஊர் இப்படிக் காலுக்குக் கீழே கிடக்கிறது, ஜனம் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விடும்.

ஷாமியன் தீவு அழகுதான், ஆலமர நிழலும் பழைய தூதரகக் கட்டடங்களும். எனக்கு அது கல்யாண போட்டோ எடுக்கிற இடமாகத்தான் தெரிகிறது, நேரமிருந்தால் மட்டும்.

மழைப்பூச்சி:
ஹுவாலின் கோயில் என்றதும் நினைவு வந்தது, போதிதர்மர் வந்திறங்கிய இடம் அதுதானே? காஞ்சிபுரத்து இளவரசர் என்று நம்மூரில் ஓயாமல் ஃபார்வர்ட் வருகிறது.

தெருசுற்றி:
வந்திறங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது, 520களில். தென்னிந்தியர் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு இருக்கிறது, பாரசீகர் என்று இன்னொன்றும் இருக்கிறது, காஞ்சி பின்னால் வந்து சேர்ந்த கதை. வாட்ஸாப்பில் வருவதை நம்பிக் கோயில் வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். கப்பலில் வந்து கரையிறங்கினார் என்கிறார்களே, ஆறு எங்கே என்று கோயில் பக்கம் தேடினால் கிடைக்காது, ஊர் வழியாக ஓடுகிற முத்தாறு வண்டல் தள்ளித் தள்ளி தெற்கே ஒதுங்கிவிட்டது. கோயிலுக்குப் பக்கத்திலேயே ஐந்து வாய் வைத்த ஒரு கிணறு இருக்கிறது, அவர் தோண்டியது என்பார்கள். சுற்றிலும் பச்சைக்கல் வியாபாரம், சின்ன டார்ச்சைக் கல்லில் வைத்து அழுத்தி நீரோட்டம் பார்த்துக்கொண்டே பேரம் பேசுவார்கள். வேடிக்கை பாருங்கள், வாங்காதீர்கள்.

இன்னொன்று, லிச்சி விரிகுடா ஓடையை விட்டுவிடாதீர்கள். சாக்கடையாகிப்போனது என்று 1992இல் மூடி மேலே சாலை போட்டார்கள், 2010 ஆசிய விளையாட்டுக்கு முன்னால் அதே சாலையைப் பெயர்த்துத் தண்ணீரைத் திரும்ப விட்டார்கள்.

கோவை_பம்ப்செட்:
அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ காலையில் ஹுவாலின், என்னிங் சாலை, ஓடை, சாயங்காலம் பெய்ஜிங் சாலை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வரைபடம்?

பினாங்கு_பாண்டி:
கூகுள் மேப்பை நம்பாதீர்கள், ஆமாப் செயலி இறக்கிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் வருகிறது. பணம் கட்ட அலிபே செயலியில் உங்கள் விசா கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள், அங்கே போய் ஓடிபிக்காகத் தவிக்க வேண்டாம். சைவம் என்று சீன எழுத்தில் போனில் எழுதிவைத்துக் காட்டுங்கள், பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்து, ஏனென்றால் கீரை வதக்கலிலும் அது இருக்கும். இரட்டை ஆடைப் பால் என்று எருமைப்பாலில் ஒரு இனிப்பு எல்லா இடத்திலும் விற்பார்கள், பிரமாதமாக இருக்கும், ஆனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். முட்டை சாப்பிடுவீர்களா மாட்டீர்களா?