பச்சோந்தி முட்டை பொரித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வேம்படி (நிலாவெளி)

நான்கு நாளாக மனது ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். போன ஐப்பசியில் மழை பிடிக்கும் முன் தாய்ப் பச்சோந்தி வேம்பிலிருந்து இறங்கி வந்து கிணற்றடியில் குழி தோண்டியது. வீட்டில் எல்லோரும் பார்த்தோம். முட்டையிட்டு, மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போனது. பிறகு மறந்துபோனோம். சித்திரை கழிந்து தண்ணீர்க் குழாய்க்காக வாய்க்கால் வெட்டினார்கள். மண்வெட்டி நேராக அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. 6 முட்டைகள் உடைந்துபோயின, 14 தப்பின. அன்று மாலையே அந்த இடத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டதால் திரும்பப் புதைக்க வழியில்லை. ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் ஈர மணல் போட்டு, முட்டைகளைப் பாதி புதைத்து, குசினிக்குப் பின்னால் நிழலில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை 10 மணிக்கு முதல் முட்டையில் கீறல் விழுந்தது. மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குப் பின் கீறியவை எல்லாம் அடுத்த நாள் மாலைக்குள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன, மொத்தம் 11. முதலில் கீறியதுதான் வரவில்லை. பிற்பகல் 3 மணி வரை பார்த்தேன். மூக்கு அசையவில்லை, மூச்சு முட்டுகிறதோ என்று பயந்துவிட்டேன். நகத்தால் தோலை உரித்து மெதுவாக வெளியே எடுத்தேன்.

வயிற்றின் அடியில் மிளகளவு மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் நூல்போல ஒரு சிவப்பு நரம்பு. நான் எடுத்த வேகத்தில் அது அறுந்துவிட்டது. ஒரு சொட்டு இரத்தம்தான். உள்ளங்கையில் வைத்திருந்தேன். முதலில் கறுத்துக் கிடந்தது, பிறகு வால் நுனியிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு கண் என் முகத்தின்மேல் இருந்தது, மற்றக் கண் கிணற்றுப் பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன.

அது என் கையாலா போனது, அல்லது முன்பே போகும் நிலையில் இருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டைபறிச்சான்

அக்கா, உங்கள் துக்கத்தில் குறுக்கிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் அது பச்சோந்தி என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் பச்சை நிறத்தில் எது வேலி ஏறினாலும் பச்சோந்திதான். நூற்றில் தொண்ணூறு பச்சை ஓணானாக இருக்கும். உடலில் குறுக்கே வெள்ளை வரி ஓடும், சிங்களத்தில் பல கட்டுஸ்ஸா என்பார்கள். அதுவும் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும், அதுவும் நிறம் மாறும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன் என்றால், பன்னிரண்டு வயதில் நானும் அப்படி ஒன்றைக் கொன்றவன். பள்ளிக்கூட வேலியில் இருந்தது. "பச்சோந்தி, நஞ்சு, கண்ணைப் பார்க்காதே" என்று பெரிய பையன்கள் கத்தினார்கள். என் கல்தான் பட்டது. விழுந்த பிறகும் வாயைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாய்க்குள் இளஞ்சிவப்பு. அது ஓணான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் எடுத்தது. பச்சோந்தியாக இருந்திருந்தாலும் நஞ்சு கிடையாது. இரண்டுக்கும் கிடையாது.

உண்மையான பச்சோந்தி இலங்கையில் ஒரே ஓர் இனம்தான். 1768இல் லோரென்டி என்ற இயற்கை ஆய்வாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதே நம் நாட்டின் பெயரைச் சேர்த்துத்தான் வைத்தார், சமீலியோ செய்லானிக்கஸ் என்று. பேரிலேயே சிலோன் இருக்கிறது, ஆனால் நம்மில் பலர் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆகவே படம் இல்லாமல் நம்ப முடியவில்லை.

கிண்ணியா ஆசிரியை

நான் பார்த்தது ஒன்றே ஒன்று. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம். துணி காயப்போடும் கயிற்றில் தீக்குச்சியை விடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. காய்ந்த முருங்கை இலைக்காம்பு என்று நினைத்துத் தட்டப் போனேன். அது இரண்டு கண்களையும் இரண்டு திசையில் திருப்பியது.

உம்மும்மா வாசலில் இருந்து விளக்குமாறோடு ஓடி வந்தார். தொட்டால் கை அழுகும், அடித்துப் போடு என்று ஒரே சத்தம். நான் அதற்கு முன் ஓடிப்போய் விரலை நீட்டினேன். ஒரு காலை எடுத்து வைத்தது, யோசித்தது, அடுத்த காலை வைத்தது. அந்தப் பிடியை இன்றும் விரலில் உணர்கிறேன். ஒவ்வொரு பாதமும் இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் மறு பக்கம் என்று குறடு போல இறுக்கிப் பிடித்தது. காற்றுக்கு என் கைதான் ஆடியது, அது ஆடவில்லை. மாதுளைச் செடியில் விட்டேன். கை அழுகவில்லை. உம்மும்மா மட்டும் அன்று இரவு வரை என்னைக் கை கழுவ வைத்துக்கொண்டே இருந்தார்.

கட்டைபறிச்சான் சகோதரருக்கு: பாதத்தைப் பாருங்கள். ஓணானுக்கு நம் விரல்கள்போல ஐந்தும் தனித்தனியாக விரிந்திருக்கும். பச்சோந்திக்கு ஒட்டிய இரண்டு கட்டுகள். வால் சுருளும். இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை.

ஸ்காபரோ மட்டிக்களி

வேம்படி அக்காவுக்கு முதலில் பதில். முட்டையைக் கீறிய குஞ்சு உடனே வெளியே வராது. மூக்கை நீட்டிக்கொண்டு அசையாமல் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் முழுவதும்கூட உள்ளேயே இருக்கும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அசையாமல் கிடப்பது மூச்சு முட்டியதால் அல்ல. நீங்கள் கேட்டபடியால் ஒளிக்காமல் சொல்கிறேன், விட்டிருந்தால் அது பிழைத்திருக்கக் கூடும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யவில்லை.

என் கதை சிறியது. இங்கே கனடாவில் பச்சோந்தியைச் செல்லப்பிராணியாகக் கடையில் விற்கிறார்கள். ஏமனிலும் சவூதியிலும் உள்ள இனம், தலையில் கொண்டை இருக்கும். நான் வாங்கிய பெண் பச்சோந்தி வாங்கும்போதே சினையாக இருந்திருக்கிறது. முட்டைகள் ஏறக்குறைய ஏழு மாதம் கழித்து மார்கழிக் குளிரில் பொரித்தன, 38 குஞ்சுகள். சின்னத் தட்டில் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் பார்க்கிறேன், பல குஞ்சுகளின் கண்கள் உள்ளே குழிந்துவிட்டன. தட்டில் தண்ணீர் தளும்புகிறது, அதற்கு ஒரு விரல் தூரத்தில் தாகத்தில் காய்கின்றன. பூச்செடிக்கு அடிக்கும் தெளிப்பானை எடுத்து இலைமேல் அடித்தேன். மிகச் சிறிய ஒன்று ஒரு துளியின் முன் போய் நின்று, நாக்கை நீட்டி, தாடை ஏறி இறங்க இறங்கக் குடித்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குள் 9 போய்விட்டன.

அதனால் வளர்ப்பவர்கள் கேளுங்கள். தேங்கிய தண்ணீர் அவற்றின் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது, இலையில் தொங்கி மின்னும் துளிதான் தண்ணீர். காலையிலும் மாலையிலும் தெளிக்க வேண்டும், இடையில் கூடு காய வேண்டும். எப்போதும் ஈரமாக வைத்தால் நுரையீரல் கெடும். காற்றோட்டத்துக்கு வலைக் கூடு நல்லது. பொரித்த அன்று தீனி தேடாது, பிறகு அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈக்களே போதும். இரண்டு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தை விடப் பெரிய பூச்சி எதையும் கொடுக்காதீர்கள். பூச்சியின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் கால் எலும்பு வில்லாக வளையும். ஒருமுறை வளைந்தது நிமிராது. வெயில் நேரடியாகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் சூடு தரும், எலும்புக்குத் தேவையான கதிரைத் தராது. இங்கே அதற்கென்று தனி விளக்கு போடுகிறோம், திருகோணமலையில் அது தேவைப்படாது, ஆனால் ஒதுங்க நிழல் இல்லாமல் வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் செத்துவிடும். இரவில் வெளிச்சம் கூடாது. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது தூக்கம் அல்ல, நோய். கையில் எடுத்துக் கொஞ்சாதீர்கள், அதற்கு அது கொஞ்சலாகத் தெரியாது. இரண்டு மாதம் ஆனதும் தனித்தனியாகப் பிரியுங்கள். முட்டையை எடுக்க நேர்ந்தால் மேல் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, புரளாமல் அப்படியே மாற்றுங்கள். புரட்டினால் உள்ளே கரு மூழ்கிச் செத்துவிடலாம். பொரிக்கும் நாள் நெருங்கினால் முட்டை வியர்த்ததுபோலத் துளி கட்டும், கொஞ்சம் சுருங்கும். கெட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

பாலையூற்று

தம்பி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் கனடாவுக்குச் சரி. "வளர்ப்பவர்கள் கேளுங்கள்" என்று இங்கே எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மண்ணில் பச்சோந்தியை யாரும் வளர்க்கக் கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இதைப் படித்துவிட்டு ஒரு பையன் கூடு செய்யத் தொடங்கினால் யார் பொறுப்பு? வேம்படித் தங்கை செய்தது வேறு, முட்டைக் குழி உடைந்த பிறகு காப்பாற்ற நினைத்தது. அதையும் அன்றே வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஏன் கோபம் வருகிறது என்றால், இரண்டு வருடம் முன்பு எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவன் பிஸ்கட் பேணி ஒன்றோடு வந்தான். குச்சவெளிப் பக்கம் பற்றைக்குள் பிடித்ததாம், சுற்றுலாக்காரருக்கு விற்கலாம் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன். உள்ளே ஐந்து குஞ்சுகள், ஐந்தும் கரிக்கட்டை நிறம். தகரச் சுவரில் பிடிக்க எதுவும் இல்லாமல் ஒன்றின் முதுகை ஒன்று பிடித்திருந்தன. அடியில் கிடந்ததன் வால் நுனியை இன்னொன்று கவ்வியிருந்தது. அந்தக் குளிர்ந்த தகரமும் அந்தக் கறுப்பும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒவ்வொன்றையும் ஒரு செடியில் விட்டோம், ஒன்றை ஒன்று பார்க்காத தூரத்தில். எலுமிச்சையில் விட்டதன் கழுத்திலிருந்து பச்சை ஊறிவரப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பையன் வாயடைத்து நின்றான். இலையைப் பார்த்து நிறத்தை மாற்றுகிறது என்று அவன் சொன்னான், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பயம், கோபம், சூடு, குளிர், இவைதான் அந்தத் தோலில் எழுதப்படுகின்றன. பேணிக்குள் இலையே இல்லை, கறுத்துத்தானே கிடந்தன.

கிண்ணியா ஆசிரியை

பாலையூற்று ஐயா சொன்னது முழுக்கச் சரி. வகுப்பில் இதை நான் சொல்லிக் கொடுப்பதுண்டு. 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகஸ்கார் பச்சோந்தி ஒன்றின் தோலில் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதைக் காட்டினார்கள். விலங்கு அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி இருக்கும், உணர்ச்சி ஏறும்போது விலகும். விலகினால் தோல் வேறு நிற ஒளியைத் திருப்பி அனுப்பும். வேம்படி அக்காவின் கையில் வெளுத்ததும் அந்தத் தோல்தான் என்று நினைக்கும்போது என்னால் மேலே எழுத முடியவில்லை.

ஆனால் ஐயா, ஸ்காபரோத் தம்பியைத் தடுக்காதீர்கள். தண்ணீர்த் துளி பற்றி அவர் எழுதியிராவிட்டால், நாளைக்கு என் வாசலில் காயப்பட்ட ஒரு குஞ்சு வந்தால் நானும் தட்டில்தான் தண்ணீர் வைத்திருப்பேன். திணைக்களத்தார் வந்து சேரும் வரை அது உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

கட்டைபறிச்சான்

பாதத்தைப் பார்த்தீர்களா அக்கா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வேம்படி (நிலாவெளி)

எல்லோருக்கும் நன்றி. தம்பி, பார்த்தேன். இறந்ததை வேம்படியில் புதைக்கும் முன் பாதத்தை விரித்துப் பார்த்தேன், இரண்டும் மூன்றுமாக ஒட்டித்தான் இருந்தது. வால் என் விரலைச் சுற்றியபடியே விறைத்திருந்தது, பிரித்தெடுக்கச் சிரமப்பட்டேன். இன்னொன்றும் யோசியுங்கள். ஓணான் முட்டையென்றால் இரண்டு, மூன்று மாதத்துக்குள் பொரித்துவிடும். இவை ஐப்பசியில் இட்டவை, நாம் இப்போது வைகாசியில் இருக்கிறோம். படம் எடுக்க எனக்கு அப்போது மனம் வரவில்லை.

ஸ்காபரோத் தம்பி, ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. 10 மணிக்குக் கீறியது, நான் உரித்தது 3 மணிக்கு. ஐந்து மணி நேரம்தான் பொறுத்திருக்கிறேன். அதற்கு ஒரு நாள் தேவைப்பட்டது. முட்டைகளை எடுக்கும்போது புள்ளியும் வைக்கவில்லை, எது மேல் பக்கம் என்று பார்க்கவும் இல்லை. 11 பிழைத்தது அவற்றின் பலம்.

பாலையூற்று ஐயா, திணைக்களத்துக்கு நேற்றுச் சொல்லிவிட்டோம். 11 குஞ்சுகளையும் பொரித்த மறுநாளே வேம்பிலும் வேலிக் கிளுவையிலும் பிரித்து விட்டிருந்தோம். நேற்று இரவு மகன் டார்ச் அடித்துத் தேடினான். தூங்கும்போது வெளிர் மஞ்சளாகத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறான். வேப்பங்கொழுந்தின் நுனியில் ஒன்று, வாலைச் சுருட்டிக்கொண்டு. கிளுவையில் இரண்டு. மற்றவை கண்ணில் படவில்லை.

பெட்டியில் இன்னும் 2 முட்டைகள் இருக்கின்றன. இன்று காலை ஒன்றின்மேல் வியர்வைபோலச் சின்னச் சின்னத் துளிகள் கட்டியிருந்தன. மதியத்துக்குள் கீறல் விழுந்து மூக்கு நுனி தெரிகிறது. மகனைக் காவலுக்கு வைத்துவிட்டு நான் குசினிக்குள் இருக்கிறேன்.