தோர்ணக்கல் போகும் பிள்ளைகள்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

(எங்கள் சபைப் பிள்ளைகள் தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போய், அங்கே ஒரு விடுதியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து வருகிறார்கள். ஜெபாவும் ஸ்டெஃபியும் போகிறார்கள், கூடவே எஸ்தர் அத்தையும்.)

புதன், இரவு

சாந்தி: மதினி, ஜெபா உண்டியலை உடைத்து எண்ணினான். 640 ரூபாய்தான் தேறியது. நான் ஒரு 5000 போட்டு, பயணக் காணிக்கை உறையில் வைத்துக் கொடுத்துவிடட்டுமா? அவ்வளவு தூரம் போகிறார்கள், கொஞ்சமாகக் கொடுத்தால் நன்றாக இருக்காதே.

எஸ்தர்: 5000-ஐத் தாராளமாகக் கொடு சாந்தி. மிஷனரி சங்கத்தில் உன் பெயரில் ரசீது போடச் சொல்கிறேன். பிள்ளையின் உறையில் மட்டும் சேர்க்காதே. அந்த 640-இல் அவன் டியூஷன் விட்டு வரும்போது குடிக்காமல் விட்ட ரோஸ்மில்க் இருக்கிறது. நீ மேலே 5000 வைத்தால் அது அடியில் போய்விடும்.

ஜெபா: ஆமாம் அம்மா. அது என் பணமாகவே இருக்கட்டும்.

ஸ்டெஃபி: சித்தி, நம் சபைப் போதகர் ஐயாவும் கூட்டத்தில் அதைத்தான் சொன்னார். வீட்டில் கேட்டு வாங்காத பணமாகக் கொண்டு வாருங்கள் என்றார். நான் பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து 300 சேர்த்தேன்.

தங்கராஜ்: பிள்ளைகளா, போகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோதே, இந்தியர் பணம், இந்திய ஊழியர் என்று முடிவு செய்துதான் ஆரம்பித்தார்கள். அப்போது நம் சபைகளில் பணக்காரர் எத்தனை பேர்? பனையேறிப் பிழைத்த குடும்பங்கள்தான் நிறைய. அவர்கள் போட்ட காசில்தான் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. வெள்ளாளன்விளை அசரியா 1909-இல் தாமே அங்கே போனார். 1912-இல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை.

ஜெபா: வெள்ளாளன்விளை நம் பக்கம்தானே பெரியப்பா?

தங்கராஜ்: நம் பக்கமேதான்டா.

சாந்தி: சரி மதினி, உறையில் கை வைக்கவில்லை. பழைய துணி கொடுக்கலாமா?

எஸ்தர்: ஜெபாவுக்கு அதைப் போட்டுக் கோயிலுக்கு அனுப்புவாய் என்றால் கொடு. பட்டன் போனது, சாயம் போனது வேண்டாம். அப்புறம் பிள்ளைகளுக்கு ஒன்று. விடுதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பேனாவைக் கொடுத்துப் படம் எடுக்கக் கூடாது. உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் அவர்களும். எது வாங்கினாலும் விடுதிப் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிடலாம்.

ஞாயிறு, மாலை

ஸ்டெஃபி: வந்து சேர்ந்ததிலிருந்து இப்போதுதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. பேராலயம் பார்த்தோம், மிகவும் அழகு. காலையில் பக்கத்துக் கிராமத்துச் சபையில் ஆராதனை.

ஜெபா: காணிக்கை நேரத்தில் ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, பீடத்துக்கு முன்னால் இருந்த சாக்கில் அரிசியைக் கொட்டினார். ஓரத்து நூலில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. அதையும் விரலால் தட்டிவிட்டுத்தான் திரும்பினார். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி எடுத்து வைப்பாராம்.

தங்கராஜ்: பிடியரிசி! எங்கள் அம்மாவும் அடுப்படியில் அதற்கென்று ஒரு கலயம் வைத்திருந்தார்.

ஜெபா: மதியம் அந்தப் பாட்டி வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. கோழிக்குழம்பு வைத்திருந்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை பெரியப்பா. திண்ணையில் நின்றதே இரண்டு கோழிதான், அதில் ஒன்றை அடித்திருக்கிறார்.

ஸ்டெஃபி: நான் வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிப்போனது. அத்தை என்னை மெதுவாகக் கிள்ளினார். அப்புறம் சாப்பிட்டேன்.

எஸ்தர்: கிள்ளத்தான் செய்வேன். கொடுப்பது நமக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை கண்ணு. அந்த அம்மாள் தன் வீட்டு விருந்தாளிக்குச் சமைத்திருக்கிறார். பாவம் பார்த்து நீ தட்டைத் தள்ளினால், அவர் கொடுக்க லாயக்கில்லாதவர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சாந்தி: சரியாகச் சொன்னீர்கள் மதினி.

திங்கள், இரவு

ஸ்டெஃபி: காணிக்கைப் பணத்தில் என்ன வாங்குவது என்று இன்று பெரிய விவாதம். பையன்கள் கிரிக்கெட் செட் என்றார்கள். நான் நோட்டுப் புத்தகம் என்றேன். கடைசியில் பொறுப்பாளர் அம்மாவிடமே கேட்டோம்.

சாந்தி: என்ன சொன்னார்?

ஜெபா: வருகிறவர்கள் எல்லாரும் நோட்டும் பேனாவும்தான் கொண்டு வருகிறார்களாம், அலமாரி நிறைய இருக்கிறது. சோப்பும் பனியன், ஜட்டியும் யாரும் கொடுப்பதில்லை என்றார். சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் வாங்கிவிட்டோம். பனியனுக்கு அளவு தெரியாமல் ஒரு விடுதிப் பையனையே கூட்டிக்கொண்டு போனேன். பேரம் பேசியதும் அவன்தான், எனக்குத் தெலுங்கு வராதே.

தங்கராஜ்: கேட்டுக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய காரியம்.

ஜெபா: ஒரு சோப்பு ஒரு மாதம்தான் வருமாம் பெரியப்பா. டிசம்பர் வரைக்கும் நாங்கள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டோம். மொத்தம் 28 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் மற்றவர்களிடமும் கேட்கப் போகிறேன்.

ஸ்டெஃபி: துணி சோப்பையும் கணக்கில் சேர், ஜெபா. நீ குளிக்கிற சோப்பை மட்டும்தான் எண்ணியிருக்கிறாய்.