கோவில்பட்டி குடும்பம் குரூப்: பெரியப்பா மணிவிழா, சாயங்காலம் என்ன வைக்க?

முருகன் சித்தப்பா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. காலைல ஹோமம், மதியச் சாப்பாடு ரெடி. சாயங்காலம் 6 மணிக்கு என்னன்னு இன்னைக்கே முடிவு பண்ணுங்கப்பா, லைட் மியூசிக்காரர் போன் மேல போன் போடுதார்

சங்கரன் பெரியப்பா: கர்நாடக சங்கீதக் கச்சேரிதான். என் ஆசை அது ஒண்ணுதான்.

கார்த்தி: உங்க விசேஷம் பெரியப்பா, உங்க இஷ்டம்தான். ஆனா போன கல்யாண ரிசப்ஷன்ல அவங்க பாட்டுக்கு பாடுதாங்க நாங்க பாட்டுக்கு செல்ஃபி எடுத்துட்டு இருக்கோம், பாடுறவங்களப் பாக்கவே பாவமா இருந்துச்சு

ப்ரியா: மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் மொத்தக் கூட்டமும் பந்திக்கு போயிருச்சு 😂

துர்கா: ரிசப்ஷன் கச்சேரின்னா அப்படித்தான், ஃபேன் ஓடுற மாதிரி அதுவும் ஓடிட்டு இருக்கும். இது என்ன பாட்டு, யார் எழுதுனது, எத கவனிக்கணும்னு ஒரு வார்த்தை யாராவது மைக்ல சொன்னாங்களா?

கார்த்தி: சொன்னா மட்டும்? மூணு மணி நேரம் தெலுங்கு. நடுவுல எந்திரிச்சா முறைக்காங்க, எங்க கைதட்டணும்னு கூட தெரியல. இது நமக்கான இடம் இல்ல போலன்னு தோணிருது, அதான் விஷயம்

துர்கா: சரி, கண்கள் இரண்டால் பிடிக்குமா?

கார்த்தி: யாருக்குத்தான் பிடிக்காது

துர்கா: அழகான ராட்சசியே? சின்னக்கண்ணன் அழைக்கிறான்?

ப்ரியா: ரெண்டாவது அப்பாவோட காலர் ட்யூன் 😍

துர்கா: மூணும் ரீதிகௌளை ராகம். 1977ல கவிக்குயில், 1999ல முதல்வன், 2008ல சுப்ரமணியபுரம். சியாமா சாஸ்திரி மகன் சுப்பராய சாஸ்திரி அதே ராகத்துல ஜனனி நின்னுவினான்னு ஒரு கீர்த்தனை பண்ணிருக்கார். சினிமா பாட்டுல ரெண்டு ரெண்டு வரி பாடிக் காட்டிட்டு அத ஆரம்பிச்சா கார்த்தி அண்ணன் போன எடுக்க மாட்டான், பெட்

மீனா அத்தை: எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல துர்கா. எப்பப் பாத்தாலும் சினிமாவக் காட்டித்தான் ஆளக் கூப்பிடணுமா? அப்புறம் பாடகர் வரி இல்லாம ராகத்த மட்டும் ஆலாபனை பண்ணும்போது இது எந்தப் படம் எந்தப் படம்னு மனசு தேடிட்டே இருக்கும், முன்னால பாடுறது காதுலயே விழாது

துர்கா: அத்தை, வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர அது போதும். உள்ள வந்ததும் ஸ க ரி க ம நி த ம நி நி ஸன்னு ஒரு தடவை மெதுவா பாடிக் காட்டணும், அந்த நி நின்னு ரெண்டு தடவை வர்ற இடத்த மட்டும் கவனிங்கன்னு சொல்லணும். ஒரே ஒரு பிடி. அத கண்டுபிடிச்சிட்டா மிச்சத்த அவங்களே கேப்பாங்க

சங்கரன் பெரியப்பா: எதுவானாலும் முறை கெட்டுரக் கூடாது. வர்ணத்துல ஆரம்பிச்சு கிருதி, ராகம் தானம் பல்லவி, தனி, கடைசில சின்னப் பாட்டா துக்கடா, எல்லாம் இருக்கணும்.

மீனா அத்தை: அண்ணே, நீங்க சொல்ற முறையே போன நூற்றாண்டுல அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கேக்குறவங்களுக்காக மாத்தி அமைச்சதுதானே. அதுக்கு முன்னாடி ஒத்த வரிப் பல்லவியே மணிக்கணக்கா போகும், அவர்தான் சின்னச் சின்னதா நிறையப் பாட்டுன்னு கொண்டு வந்தார். வயலின் கூட வெள்ளைக்காரன் வாத்தியம், பாலுஸ்வாமி தீட்சிதர் நம்ம சங்கீதத்துக்கு எடுத்துட்டு வந்தது. அவர் எட்டயபுரத்துல சமஸ்தான வித்வானா இருந்தவர்

முருகன் சித்தப்பா: எட்டயபுரம்னா பாரதியார் ஊருல்லா

மீனா அத்தை: பாரதியார் மட்டுமா. பாலுஸ்வாமியோட அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835ல காலமானதே அங்கதான், சமாதி இருக்கு. தூத்துக்குடி போகும்போதெல்லாம் அந்த ஊர் வழியாத்தான போறோம், நம்ம வீட்ல ஒருத்தர் இறங்கிப் பாத்திருக்கோமா

துர்கா: அத்தை சொன்னதும் ஞாபகம் வருது, பொடிசுகளுக்கு தீட்சிதர் நோட்டுஸ்வரம் சொல்லிக் குடுத்துரலாம். வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுக்கு அவர் சமஸ்கிருதத்துல வரி போட்டது. ஸ்வரத்த அசைச்சு இழுக்குற கமகம் கிடையாது, நேரா பாடலாம். சந்ததம் பாஹிமாம் இங்கிலாந்து தேசிய கீதம் மெட்டு தெரியுமா

கார்த்தி: சும்மா அடிச்சு விடாத

கார்த்தி: யூட்யூப்ல கேட்டேன். அட ஆமா 😮

மீனா அத்தை: ஆச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னாவ, நெட் இழுக்குது, அப்படியே டைப் பண்ணுதேன்: "நாயனத்த ஏம்ல விட்டுட்டிய? காருகுறிச்சி வாசிக்காருன்னா பந்தல்ல இடம் இல்லாம தெருவுல துண்ட விரிச்சி உக்காந்து கேப்பாவ, வயக்காட்டுல வேல பாத்துட்டு வந்த ஆளுவதான் அம்புட்டு பேரும். ராகம் பேரு எவனுக்குத் தெரியும். இப்ப தாலி கட்டும்போது கெட்டிமேளம் மட்டும் கொட்டச் சொல்லிட்டு மத்த நேரமெல்லாம் ஸ்பீக்கர்ல பாட்டப் போட்டு அவுகள சும்மா உக்கார வச்சிருதிய"

கார்த்தி: காருகுறிச்சின்னா சிங்காரவேலனே தேவா?

மீனா அத்தை: அவரேதான், நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். 1962, கொஞ்சும் சலங்கை, ஆபேரி ராகம். ஜானகி குரல் எங்க முடியுது நாயனம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர்

கார்த்தி: அப்போ நாயனமே வைப்போம். ஆச்சி சொன்ன மாதிரி, மேடை வேண்டாம், மண்டபத்து முன்னால முற்றத்துல. சுத்தி உக்காரலாம் நிக்கலாம், எந்திரிச்சா யாரும் முறைக்க மாட்டாங்க. ஆனா மைக் வச்சு காதக் கிழிக்கக் கூடாது

துர்கா: நாயனத்துக்கு மைக்கே தேவையில்லண்ணே. இன்னொண்ணு, தவில் தனிக்கு முன்னாடி ஆதி தாளம் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துருவோம். ஒரு தட்டு மூணு விரல், அப்புறம் தட்டு வீச்சு தட்டு வீச்சு, மொத்தம் எட்டு. கூட்டமே கைல தாளம் போட்டுட்டு இருக்கும்போது தவில்காரர் எங்கெங்கயோ போவார், நம்ம எண்ணிக்கை தப்புதோன்னு பயமா இருக்கும், கடைசில மூணு தடவை ஒரே கோர்வைய வாசிச்சு நம்ம தட்டுற தட்டுலயே டக்குனு வந்து உக்காருவார் பாருங்க, அப்போ எங்க கைதட்டணும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம், தானா வரும். தாளம் போடாம கேட்டா அது வெறும் சத்தம், அதனாலதான் எல்லாரும் பந்திக்குப் போறாங்க

ப்ரியா: இது ஜாலியா இருக்கும் போலயே

சங்கரன் பெரியப்பா: சரி. நோட்டுஸ்வரம், உங்க ரீதிகௌளை, அருணாசலக் கவிராயர் யாரோ இவர் யாரோ, எல்லாம் இருக்கட்டும். ஆனா தோடி ராகம் ஒண்ணு முழுசா வேணும். அரை மணி நேரம். அதுல யாரும் கை வைக்கக் கூடாது, நடுவுல விளக்கம் கிளக்கம் ஒண்ணும் வேண்டாம்.

கார்த்தி: அரை மணி நேரமா 😬

கார்த்தி: சரி பெரியப்பா உக்காருதேன்

முருகன் சித்தப்பா: அப்போ லைட் மியூசிக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நாயனத்துக்கு காலைல முகூர்த்தத்துக்கு பேசுன ரேட்லயே சாயங்காலமும் வாசிப்பாங்களான்னு கேக்கவா?

மீனா அத்தை: டேய் முருகா அப்படி கேட்டுராத. பாட்டுப் பார்ட்டிக்கு எவ்வளவு குடுக்க இருந்தியோ அதக் குடு. மேளம்னா மட்டும் பேரம் பேசுறதா

முருகன் சித்தப்பா: சரிக்கா சரிக்கா, நாளைக்கு நேர்லயே போயி தாம்பூலம் வச்சு பேசிட்டு வாரேன். துர்கா நீயும் வா, என்ன ராகம் என்ன பாட்டுன்னு அவர் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது

துர்கா: வாரேன் சித்தப்பா. பாட்டு லிஸ்ட்ட அவர்ட்டயே கேட்டுக்குவோம், நம்ம நினைக்காதது நாலு சொல்லுவார்